மரியநாயகியின் நெஞ்சுப் படம்

அந்த ஆஸ்பத்திரியில் எடுக்கப்படும் எக்ஸ்றே படங்களுக்குப் பனிப்படம் என்று பட்டப்பெயர் இருந்தது. வைத்தவர் டொக்டர் விக்கிரமரத்ன. ஒரு மழைநாளில் அவர் ஒரு நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதில் மனிதன் எங்கே முடிகிறான், வெளியே நிற்கிற பனி எங்கே தொடங்குகிறது என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து இருமிக்கொண்டு வருகிற அத்தனை பேருக்கும் அந்த ஒரு மெசின்தான் இருந்தது. அது காட்டுவதை நம்பித்தான் அவர் ஒருவரை வீட்டுக்கும் இன்னொருவரைக் கொழும்புக்கும் அனுப்ப வேண்டியிருந்தது.

புனிதவதி படம் எடுக்கும் வேலைக்கு அங்கே மாற்றலாகி வந்தது எழுபத்தைந்தாம் ஆண்டு, தென்மேற்கு மழை பிடித்திருந்த நேரம். ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கலியாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே இருந்த ஒற்றை அறை விடுதியில், இரண்டு சுவெற்றரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டும் நடுங்கிக்கொண்டு படுப்பாள். பேச்சுக்கு ஆள் கிடையாது. தாதிமார் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள்; அது அவளுக்கு வேலைக்குப் போதுமான அளவுக்குத்தான் வரும். நோயாளிகள் பேசியதும் தமிழ்தான் என்றாலும் அந்தத் தமிழ் அவள் காதுக்குப் பிடிபட நாள் எடுத்தது.

மெசினுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் படம் மங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் வேலை குறைந்த மத்தியானத்தில், படத்தட்டு வைக்கிற தகரப் பெட்டியின் மேல் தன் அறைச் சாவியை வைத்து, பழைய துண்டுப் படம் ஒன்றில் எடுத்துப் பார்த்தாள். சாவியின் பல்லெல்லாம் சரியாக விழுந்திருந்தது. ஆனால் கறுப்பாக இருக்கவேண்டிய இடம் சாம்பலாக இருந்தது. மெசின் தன் வேலையைச் செய்கிறது, பிறகு எங்கோதான் கெடுகிறது என்று அவளுக்கு அப்போது பட்டது.

இருட்டறைக்குள் போய், படம் கழுவுகிற மருந்துத் தொட்டியில் வெப்பமானியை விட்டாள். மருந்து ஆற்றுத் தண்ணீர் போலச் சில்லிட்டுக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் இதே மருந்தைக் குளிரவைப்பதற்கு ஐஸ்கட்டி வாங்கிப் போட்டுப் பழகியவள் அவள். சூடாக்க வேண்டிவரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. குளிர்ந்த மருந்தில் படம் பாதிதான் எழும்; மீதி எழுவதற்குள் வெளியே எடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து சிற்றூழியர் செல்லசாமி காலையில் சமையற்கட்டிலிருந்து கொதிதண்ணீர் கொண்டுவந்து ஒரு பெரிய தகரத் தொட்டியில் ஊற்றுவார். மருந்துத் தொட்டியை அதற்குள் இறக்கிவைத்து இளஞ்சூடு ஏறும்வரை காத்திருப்பார்கள்.

இன்னொரு நாள் இருட்டறையின் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டுச் சும்மா நின்றாள். கண் பழகப் பழக, கதவின் கீழே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. மேலே ஒரு பொத்தல் வழியாகவும் வந்தது. பழைய குடைகளின் கறுப்புத் துணியைக் கிழித்து மடித்து, கதவைச் சுற்றி ஆணி அடித்தார் செல்லசாமி. தகரப் பெட்டிக்குள் படத்தோடு ஒட்டியிருக்கும் வெள்ளை அட்டைகளில் யாருடைய விரல் அடையாளங்களோ வருடக்கணக்காய் இருந்தன. எல்லோருடைய நுரையீரலிலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்ததற்குக் காரணம் அதுதான். பஞ்சால் நோகாமல் துடைத்தாள்.

படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. விலா எலும்புகளை எண்ணலாம் போல் வந்தது. டொக்டர் வாயால் பாராட்டவில்லை. ஆனால் படங்களை ஜன்னலுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டு, மேசையில் இருந்தபடியே விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்று புனிதவதி சொல்வாள். தகட்டில் நெஞ்சை வைத்து நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள். சரியாக அவள் சுவிச்சை அழுத்துகிற நேரம், மரியாதைக்காகத் திரும்பிப் பார்த்து, "என்னாங்க மிஸ்ஸி?" என்பார்கள். படத்தில் தோள் இரண்டாய் விழும். செல்லசாமி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார், "தம் கட்டுன்னு சொல்லுங்க மிஸ்ஸி. அதுதான் இவுங்களுக்குப் புரியும்." அந்தச் சொல்லை அவள் தனியே இருந்து சொல்லிப் பழகினாள். அவள் வாயில் அது வேறு மாதிரித்தான் வந்தது. ஆனாலும் பலித்தது.

மரியநாயகி வந்தது ஆவணி முடிவில். ஆஸ்பத்திரியில் சனம் பொங்கி வழிந்த ஒரு கிளினிக் நாள். றொசல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள், இருபத்தைந்து வயதிருக்கும். மாதக்கணக்காக இருமல், மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரண்டொரு தடவை சளியில் இரத்தம் பட்டிருக்கிறது. தோட்டத்து மருந்துக்காரர் சயரோகமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று செல்லசாமி லீவு. விறகு நனைந்து சமையற்கட்டு அடுப்பு பிடிக்கவில்லை என்று கொதிதண்ணீரும் வரவில்லை. கரண்ட் வேறு இறங்கி இறங்கி ஏறியது. வெளியே வரிசை நீண்டு நின்றது. மரியநாயகி மூச்சை இழுத்தவுடன் இருமினாள். இருந்த அவசரத்தில் புனிதவதி படத்தை எடுத்து, கழுவி, மற்றப் படங்களோடு அனுப்பிவிட்டாள்.

டொக்டர் பார்த்தார். வலது நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல். சளிப் பரிசோதனையில் கிருமி எதுவும் அகப்படவில்லை என்று தாள் சொன்னது; ஆனால் இப்படி இரத்தம் துப்புகிற எத்தனையோ பேருக்கு முதலில் அகப்படாமல் பிறகு அகப்பட்டிருக்கிறது. அவர் தயங்கவில்லை. அடுத்த வாரம் போகும் அம்புலன்சில் கொழும்புப் பக்கத்துச் சயரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதிவிட்டார். குறைந்தது ஒரு வருடம் அங்கே தங்கவேண்டி வரலாம் என்று தாதி சொல்லிவிட்டாள்.

புனிதவதி அன்று பின்னேரம் வெளியே வந்தபோதுதான் அவர்களைக் கண்டாள். நடைக்கூடத்தில் கிடந்த நீள மர வாங்கின் ஒரு முனையில் மரியநாயகி உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் அவள் புருசன் இராயப்பன், மடியில் பிள்ளையோடு இருந்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், கையெல்லாம் கீறல். பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும், பெண் குழந்தை. அது தாயைப் பார்த்தபடியே இருந்தது. தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் சிமிட்டியும் உருட்டியும் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டு கையை நீட்டும். உடனே அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருவாள்.

இராயப்பனிடம் விசாரித்தாள். பிள்ளையின் பெயர் பிலோமினா என்றான். நோய் தொத்தும் என்று சொன்ன நாளிலிருந்து மரியநாயகி பிள்ளையைத் தூக்கவில்லையாம், பாலும் கொடுக்கவில்லையாம். பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில் இருக்கிற பேச்சியம்மாதான் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கிறாள். மரியநாயகி லயத்து வரிசை வீடுகளின் கோடியில் ஒரு ஒதுக்கில் தனியாகப் படுக்கிறாள். அவன் இதைச் சத்தம் இல்லாமல், குறை சொல்லாமல் சொன்னான்.

புனிதவதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பிப் போய் அந்தப் படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் வைத்தாள். தான் எடுத்த படம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. பழைய பனிப்படங்களில் ஒன்று மாதிரிச் சாம்பல் பூத்து, விலா எலும்பின் ஓரமெல்லாம் கலங்கிக் கிடந்தது. நிழல் இருந்தது உண்மை. அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரலை வைத்து நிழலின் ஓரமாக மேலே நகர்த்தினாள். நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, கழுத்துப் பக்கமாக மங்கலாகப் போனது. நுரையீரலுக்குள் இருக்கிற நோய் நுரையீரல் முடிகிற இடத்தில் முடியவேண்டும். கழுத்துக்கு ஏன் போகிறது? அப்போது அவளுக்கு மரியநாயகியின் முதுகு நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்து வந்த முதுகு. கனத்த, ஈரம் சொட்டிய பின்னல் ஒன்று வலது தோளில் சரிந்து கிடந்தது.

அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படம் தெளிவாக இருந்திருந்தால் மயிர் மயிராகப் பிரிந்து தெரிந்திருக்கும். இந்தப் படத்தில் எதையும் சத்தியம் பண்ண முடியாது.

டொக்டரிடம் போனாள். இன்னொரு படம் எடுக்க வேண்டும், முதல் படம் சரியில்லை, பிழை என்னுடையது என்று நேராகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். படத்தட்டுப் பெட்டி கிட்டத்தட்ட வெறுமையாய் இருந்தது, அடுத்த பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கே பஸ் ஒன்று உருண்டு மண்டை உடைந்து யாராவது வந்தால் எதில் எடுப்பது என்று கேட்டார். அவள் கொண்டுவந்த படத்தை நீட்டி, நிழல் காறை எலும்பைத் தாண்டுகிற இடத்தைக் காட்டினாள். அவர் பழைய படத்தைத் தானும் ஒரு தடவை பார்த்தார். அவள் விரல் காட்டிய இடத்தில் அவர் விரலும் போய் நின்றது.

ஒன்று தருகிறேன், ஒன்றே ஒன்று என்றார்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்தாள். செல்லசாமி வந்திருந்தார். தண்ணீர் கொதித்து வந்து, மருந்து பதமான சூட்டில் இருந்தது. படம் எடுக்கிற நேரம் மட்டும் ஊசி அவிக்கிற மின்னடுப்பை அணைத்து வைக்கும்படி வார்டுத் தாதியிடம் கேட்டுக்கொண்டாள். அது எரிந்தால் கரண்ட் இறங்கிவிடும். ஒரு சட்டியில் கரி நெருப்பு வைத்து அறையைச் சூடாக்கினார்கள். குளிரில் நடுங்குகிற உடம்பை எப்படிப் படம் எடுத்தாலும் கலங்கும்.

இரவு வார்டில் தங்கியிருந்த மரியநாயகி ஆஸ்பத்திரி வெள்ளைச் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றாள். பின்னல் முதுகில் கிடந்தது. புனிதவதி அவளை உள்ளே அழைத்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று பின்னலைப் பிடித்தாள். அவள் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள்.

"வேணாங்க மிஸ்ஸி. கை வைக்காதீங்க. எனக்குச் சீக்குங்க."

"சீக்கோ இல்லையோ எண்டு பாக்கத்தானே இந்தப் படம். இருங்கோ. தலையைக் கொஞ்சம் குனியுங்கோ."

அவள் உட்கார்ந்தாள். புனிதவதி பின்னலை அவிழ்த்தாள். மரியநாயகி தன் கையாலேயே பின்னியது, பின்னால் சிக்கு விழுந்திருந்தது. இருந்த ஒரு சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். தன் வேலையில் எத்தனை ஆயிரம் முதுகுகளைப் பார்த்திருக்கிறாள். ஒருவருடைய தலையையும் அவள் வாரிவிட்டதில்லை. கூந்தல் முழுவதையும் மேலே தூக்கி உச்சியில் சுற்றி, தன் கைக்குட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஒரு மயிர்கூடக் கழுத்தில் விழாமல் ஒதுக்கினாள். விரல் கழுத்தில் பட்டபோது மரியநாயகியின் தோள் குலுங்கியது. நோகிறதா என்று கேட்டாள்.

"நோவலீங்க" என்றாள் மரியநாயகி. பிறகு, "சித்திரை கழிஞ்சு யாரும் என்னயத் தொட்டதில்லீங்க" என்றாள்.

புனிதவதி கட்டி முடித்த பிறகும் கையை எடுக்காமல் சற்று நேரம் அவள் தோளிலேயே வைத்திருந்தாள்.

பிறகு சுடுதண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். இருமல் அடங்கட்டும் என்று அவசரப்படாமல் இருந்தாள். தகட்டின் முன்னால் நிறுத்தி, முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து பழகினார்கள். நிறைய இழுத்தால் இருமல் வருகிறது, அதனால் முக்கால் மூச்சு போதும். "நானும் உங்களோட சேந்து தம் கட்டுறன்" என்றாள். யாழ்ப்பாணத்து வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மரியநாயகிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஓயும்வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் செல்லசாமி வார்டுப் பக்கமாகக் குரல் கொடுத்தார், அடுப்பு அணைந்தது. மெசினின் முள் ஏறி அசையாமல் நின்றது. தம் கட்டுங்கோ என்றாள். தானும் கட்டினாள். அழுத்தினாள்.

இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்தில் படம் மெல்ல மெல்ல எழுந்தது. முதலில் தோள்கள், பிறகு விலா எலும்புகள், ஒவ்வொன்றும் கீறிவிட்டது போல. அவள் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது உச்சி இடது உச்சியைப் போலவே கறுப்பாக, சுத்தமாக இருந்தது. நிழல் இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது; மருந்துக் கையால் துடைக்கவும் முடியவில்லை. அதன் பிறகுதான் படத்தின் நடுப்பகுதி அவள் கண்ணில் பட்டது. இருதயத்தின் இடது ஓரம் வழக்கமாக உள்வாங்குகிற இடத்தில் வாங்காமல் நேராக, சற்றே புடைத்து இறங்கியது. முதல் படத்தில் அது இருந்திருக்கும். கலங்கலில் யார் கண்டது? அவள் டொக்டர் இல்லை. ஆனால் அது சும்மா இல்லை என்று மட்டும் தெரிந்தது.

காயும்வரை பொறுக்காமல், சொட்டச் சொட்டப் படத்தைக் கம்பியோடு தூக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனாள். அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். எழுந்து போய் மரியநாயகியைக் கட்டிலில் இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தாயா என்று விசாரித்தார். கிடந்தேன் என்றாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக்கூடப் போக முடியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்தாளாம்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார், புனிதவதி தன் தமிழில் சொன்னாள், செல்லசாமி அதை அவர்கள் தமிழில் இன்னொரு தடவை சொன்னார். சயரோகம் இல்லை. நெஞ்சுக்குள் இரத்தம் போய்வருகிற வாசல் ஒன்றின் கதவு, அந்தப் பழைய காய்ச்சலில் தடித்து ஒட்டிப்போயிருக்கிறது. இரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. இருமலும் மூச்சு வாங்குவதும் இரத்தம் வந்ததும் அதனால்தான். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் இதைத் திறந்து சரிபண்ணுகிறார்கள். இது யாருக்கும் தொத்தாது.

மரியநாயகி மற்றதையெல்லாம் கேட்டாளோ தெரியாது. "தொத்தாதுங்களா?" என்று மட்டும் செல்லசாமியிடம் கேட்டாள். அவர் இல்லை என்றார். டொக்டரையும் பார்த்தாள். அவர் தமிழில், தெரிந்த அளவுக்கு, "இல்லை, இல்லை. பிள்ளையைத் தூக்கு" என்றார்.

அவள் நடைக்கூடத்துக்குப் போனாள். இராயப்பன் பிள்ளையை நீட்டினான். பிள்ளை வரவில்லை. தூரத்தில் இருந்து கண்ணைச் சிமிட்டுகிற அம்மாவைத்தான் அதற்குத் தெரியும். இவ்வளவு கிட்ட வந்து கையை நீட்டுகிறவளைக் கண்டதும் தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது. மரியநாயகி கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். முகம் வாடிப்போயிற்று. வாங்கில் புருசனுக்குப் பக்கத்தில், இடைவெளி விடாமல் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்க்காத மாதிரி இருந்தாள். நெடுநேரம் கழித்து, உச்சியில் கட்டியிருந்த கைக்குட்டைத் துணியின் நுனி தொங்குவதைப் பிடிக்க ஒரு சின்னக் கை வந்தது. அவள் அசையவில்லை. பிள்ளை துணியை இழுத்தது, மயிரை இழுத்தது, பிறகு தகப்பன் மடியிலிருந்து அவள் மடிக்குத் தானாகவே தவழ்ந்து வந்தது. புனிதவதி கதவடியில் நின்று இதைப் பார்த்தாள். வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று செல்லசாமி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கொழும்பு ஆஸ்பத்திரியில் முறை வர மாதங்கள் போயின. அதற்குள் இராயப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து விடுதி வாசலில் நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நெஞ்சை அறுக்கிறது என்று லயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாத்திரையோடேயே இருக்கட்டும், இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்கிறார்கள். அவளும் இவனைப் பார்த்து, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்கிறாள். அவனுக்கு என்ன தெரியும்?

"மிஸ்ஸி, ஒங்க தங்கச்சியா இருந்தா அனுப்புவீங்களா?" என்று கேட்டான்.

ஆமென்று சொல்லி, அங்கே ஏதும் நடந்துவிட்டால் இவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாள். இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் படத்தில் அந்த நேர்க்கோட்டை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள்.

"அனுப்புவன்" என்றாள். "பயந்து பயந்துதான் அனுப்புவன். எண்டாலும் அனுப்புவன்."

அவன் தலையாட்டினான். பயப்படுவேன் என்று அவள் சொன்னதுதான் அவனுக்குத் தெம்பாக இருந்தது என்று வெகுநாள் கழித்து மரியநாயகி சொன்னாள்.

எழுபத்தாறு வைகாசியில் அறுவை நடந்தது. அந்த வாரம் முழுவதும் புனிதவதி எடுத்த படங்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தந்தி எதுவும் வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் செல்லசாமியோடு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் காலை, வெளிநோயாளர் கூட்டத்துக்கு நடுவே இராயப்பனின் தலை தெரிந்தது. அவன் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. "நல்லாருக்கா மிஸ்ஸி" என்று அதை நீட்டினான். அவள் பழத்தை வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

அந்த ஆண்டு நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, அவளை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஹட்டனில் ரயில் ஏறி றொசல்லையில் இறங்கினாள். மூவரும் ஸ்டேசனில் நின்றார்கள். அங்கிருந்து லயத்துக்குத் தேயிலை மலைக்குள்ளால் ஏறவேண்டும். மரியநாயகி புனிதவதியின் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு, ஊர்க்கதை சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். பாதி வழியில் புனிதவதிக்கு முட்டி வலித்து மூச்சு வாங்கியது. ஒரு வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மரியநாயகி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாப் போவோங்க, என்ன அவசரம் என்றாள். இருமல் இல்லை. முகத்தில் நல்ல செம்மை ஏறியிருந்தது.

காம்பராவில் தேயிலை மிலாறுக் குச்சிகளால் மாட்டுக்குடில் கட்டி, பஞ்சை ஒட்டி வைத்திருந்தார்கள். பேச்சியம்மா எட்டிப் பார்த்து, யாழ்ப்பாணத்து மிஸ்ஸி நம்ம கையால சாப்பிடுவாங்களா என்று இராயப்பனிடம் மெதுவாகக் கேட்டது புனிதவதியின் காதில் விழுந்தது. ஊரில் அம்மா அறிந்தால் என்ன சொல்வாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர்கள் அவளுக்கென்று தனியாக ஒரு வாங்கில் இலை போட்டிருந்தார்கள். அவள் இலையை எடுத்துக்கொண்டு கீழே பாயில் வந்து உட்கார்ந்து, மரியநாயகியையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். கோழிக்கறி காரமாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

பின்னேர ரயில் பிந்தியது. ஸ்டேசன் வாங்கில் பிலோமினா தூங்கிப்போனாள். இராயப்பன் ரயில் எப்போது வரும் என்று கேட்கப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து மரியநாயகி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"மிஸ்ஸி, எனக்கு இன்னொரு புள்ள பெத்துக்கலாங்களா? டாக்டரய்யாவ எப்படிக் கேக்குறது?"

புனிதவதிக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னாள். தைமாதம் கொழும்புக்குக் காட்டப் போகும்போது அங்கேயே கேட்க வேண்டும், இது அவர்கள்தான் சொல்ல வேண்டிய விசயம் என்றாள். மரியநாயகி தூங்குகிற பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்பிள்ளை டொக்டர்மார் கூடிநிற்க, சிங்களத்தில் இதைக் கேட்கிற தன்னை அவள் நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நானும் வாறன்" என்றாள் புனிதவதி. "நான் கேக்கிறன்."

சொன்னபடி தையில் லீவு எடுத்துக்கொண்டு மரியநாயகியோடு கொழும்புக்குப் போனாள். அங்கிருந்த டொக்டர் படங்களைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார். புனிதவதி கேட்டாள். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருங்கள், பிறகு பெற்றுக்கொள்ளலாம், பேறு மட்டும் ஆஸ்பத்திரியில் நடக்கவேண்டும் என்றார். அவள் தமிழில் சொல்வதற்கு முன்பே, அவள் முகத்தைப் பார்த்து மரியநாயகி விளங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது ரயிலில் நல்ல கூட்டம். நாவலப்பிட்டியில்தான் இருவருக்கும் இடம் கிடைத்தது. வண்டி மலையேறத் தொடங்கியதும் குளிர் வந்தது. புனிதவதி தன் சால்வையை விரித்து இருவருக்குமாகப் போர்த்தினாள். மரியநாயகி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அவள் தலை சரிந்து புனிதவதியின் தோளில் சாய்ந்தது. சுரங்கத்துக்குள் வண்டி போனபோதும் விழிக்கவில்லை. புனிதவதி தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வட்டவளை தாண்டியது. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டு, றொசல்லை கிட்ட வந்தபோதுதான் கன்னத்தைத் தட்டி எழுப்பினாள்.